நூறு ராத்திரி மெத்தை

வாங்க தம்பி, உள்ள வாங்க. மெத்தை எடுக்கத்தானே? பத்து மணிக்கு வருவாங்கன்னு மெசேஜ் வந்துச்சு, மணி பத்து அஞ்சு. சொன்ன சொல்லைக் காப்பாத்துற கம்பெனிதான் உங்க கம்பெனி. ஒரு பத்து நிமிஷம் இப்படி உக்காருங்க. பொண்ணு குளிச்சுக்கிட்டு இருக்கா. அவ ரூம்லதான் மெத்தை கெடக்கு. அவ வந்து துணிமணியெல்லாம் ஒதுக்கினதும் தூக்கிரலாம். தெய்வானை, தம்பிக்கு ஒரு காபி கொண்டா. என் சம்சாரம்தான்.

மெத்தையில ஒரு குறையும் இல்ல. அதை மொதல்லயே சொல்லிடறேன். திருப்பிக் குடுக்க என்ன காரணம்னு நீங்க ஏதோ எழுதிக்கிட்டுப் போகணுமாமே. குறைன்னு எழுதிடாதீங்க, அது பாவம். தேவை முடிஞ்சதுன்னு எழுதிக்கங்க.

நான் முப்பத்தோரு வருஷம் நூற்பாலையில ஸ்டோர் கீப்பரா இருந்தவன். கேட்டுக்குள்ள எந்தச் சரக்கு வந்தாலும் மொதல்ல என் கைதான் படணும். பேரிங், பெல்ட்டு, பாபின், எதுவா இருந்தாலும் பிரிச்சு, தட்டி, குப்புறப் போட்டுப் பாத்துட்டுத்தான் சீல் வைப்பேன். என்கிட்ட ரெண்டு சீல் இருந்துச்சு. ஒண்ணு 'சரக்கு ஏற்கப்பட்டது'. இன்னொண்ணு 'திருப்பி அனுப்பப்பட்டது'. ரெண்டாவது சீல்தான் சீக்கிரம் தேஞ்சுது, அதுல எனக்கு ஒரு பெருமை. எங்க ஸ்டோர்ல ஒரே ஒரு விதிதான் தம்பி. லேபிள் இருக்கற வரைக்கும் அது அனுப்பினவன் சரக்கு. லேபிளை வெட்டிட்டா நம்ம சரக்கு. வெட்டினதுக்கப்புறம் ஓட்டை ஒடசல்னு பேசக் கூடாது. வச்சுக்கிட்டுத்தான் ஆகணும்.

வீட்லயும் அப்படித்தான். என் பொண்ணுக்கு ஸ்கூல் பை வாங்கினாலும் சரி, செருப்பு வாங்கினாலும் சரி, நாலு நாள் போட்டுப் பாத்து, நான் சரின்னு சொன்ன பொறவுதான் லேபிளை வெட்டணும். அவ பை முதுகுல லேபிள் தொங்க ஸ்கூலுக்குப் போவா. கூடப் படிக்கிற பிள்ளைங்க சிரிக்கும். வந்து அழுவா. நாலு நாள்தானேம்மா, பொறுத்துக்கன்னு சொல்லுவேன். பொறுத்துக்குவா. பொறுமையான பிள்ளை. பேரு மீனலோசனி, லோசனின்னு கூப்பிடுவோம். ஒரே பொண்ணு.

போன தை மாசம் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளைக்குப் பல்லடம். எங்க அக்கா வழியில வந்த சம்பந்தம். அக்கா சொன்னா நான் தட்ட மாட்டேன், ஆனாலும் விசாரிக்காம விடுவேனா? வேலை பாக்குற இடத்துல போய் விசாரிச்சேன். குடியிருக்கற தெருவுல விசாரிச்சேன். சலூன்ல கூட விசாரிச்சேன். குடி இல்ல, பீடி சிகரெட் இல்ல. ஆறு மணி அடிச்சா வீட்டுக்கு வந்துருவாரு. சத்தமாப் பேசி யாரும் கேட்டதில்லையாம். இதுக்கு மேல ஒரு மனுஷன்கிட்ட என்னத்தைத் தட்டிப் பாக்குறது, சொல்லுங்க.

சீருக்கு நானே நின்னு கட்டில் மெத்தை வாங்கினேன். நம்ம கீழவாசல் கடையிலதான். நார் மெத்தை, மேல நாலு விரக்கடைக்கு ஃபோம். கடைக்காரன் முன்னாடியே ஏறிப் படுத்துப் பாத்தேன். வேன்ல ஏத்தி அனுப்பினப்ப லோசனிகிட்ட, லேபிளை உன் கையாலயே வெட்டிக்கம்மா, இனிமே அது உன் வீடுன்னேன். அப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதை நான் யார்கிட்டயும் சொல்லல.

அப்புறம் ஆடிக்கு அழைச்சுக்கிட்டு வந்தோம். புதுப்பொண்ணு ஆடி மாசம் தாய் வீட்டுக்கு வர்றது நம்ம வழக்கம்தானே. அந்த ஒரு மாசம் படுக்கத்தான் இந்த மெத்தை.

காபி குடிங்க. சக்கரை போதுமா?

அழைச்சுக்கிட்டு வந்தோம்னு தெருவுல சொல்லியிருக்கேன். உங்ககிட்ட என்ன, நீங்க மெத்தையை ஏத்திக்கிட்டுப் போயிடப் போறீங்க. அவளேதான் வந்தா. ஆனி கடைசியில ஒரு வியாழக்கெழமை மத்தியானம், ஒரு கட்டைப்பையோட வந்து நின்னா. கேஸ் சிலிண்டர் வர்ற நாளாம் அன்னைக்கு. சிலிண்டர்காரன் வந்து கதவு திறந்ததும் இவ செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாளாம். பழைய சிலிண்டரைக் கழட்டிக் குடுத்துட்டு, புதுசை மாட்டாமக் கூட வந்திருக்கா. மனுஷன் சாயங்காலம் வந்து ஒரு டீ போட முடியுமா? அதைத்தான் நான் மொதல்ல கேட்டேன். அவ கட்டைப்பையைக் கீழ வச்சா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு சொன்னா.

"அங்க படுக்க முடியலப்பா."

என்னையே குறை சொன்ன மாதிரி ஆயிருச்சு தம்பி. ஏன்னா மெத்தை வாங்கினவன் நான். நானே படுத்துப் பாத்து வாங்கின மெத்தை. நாரு கெட்டியாப் போயி முதுகைக் குத்துதோ, ஃபோம் உள்வாங்கிருச்சோ. ராத்திரி பூராத் தூக்கமே வரல எனக்கு. மறுநாள் காலையில மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கேட்டேன், மெத்தை எப்படி மாப்பிள்ளை, குத்துதான்னு. மெத்தையான்னு திருப்பிக் கேட்டாரு. அப்புறம், மெத்தைக்கு என்ன மாமா, நல்லாத்தானே இருக்குன்னாரு. எவ்வளவு பெரிய மனசு பாருங்க, குறை சொல்லல.

இங்க அவ ரூம்ல கட்டில் இல்ல. கட்டிக் குடுத்தாச்சேன்னு அவ கட்டிலை எங்க அக்கா பேரனுக்குக் குடுத்துட்டோம். தரையில பாய் போட்டுப் படுத்தா. முதுகுக்கு நல்ல மெத்தையா ஒண்ணு வாங்குவோம், படுத்துப் பழகினா எது சரின்னு தெரியும், அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிப் பல்லடத்துக்கு அனுப்பிட்டா பிரச்சினை தீந்துரும்னு நான் ஒரு கணக்குப் போட்டேன்.

நாலு நாள் அலைஞ்சேன் தம்பி. மதுரையில நான் ஏறாத மெத்தைக் கடை இல்ல. இலவம் பஞ்சுன்னு சொல்லுவான், கையை விட்டுப் பாத்தா பனியன் வேஸ்ட்டு. ஸ்பிரிங்குன்னு சொல்லுவான், உக்காந்தா ஊஞ்சல். ஒருத்தன் தலைமாட்டுல ஒரு சாமானும் கால்மாட்டுல ஒரு சாமானுமா அடைச்சு வச்சிருக்கான், பணம் குடுக்குறவன் தலையை மட்டும்தானே வச்சுப் பாப்பான்னு. நான் திரும்பிப் படுத்துப் பாத்துக் கண்டுபிடிச்சேன். சார் எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு கேட்டான் பயந்துபோயி. ரெண்டு கடைக்கு லோசனியையும் கூட்டிக்கிட்டுப் போனேன். படுத்துப் பாருன்னா கண்ணை மூடிக்கிட்டுப் படுக்குறா, எந்திரிக்க மாட்டேங்குறா. எது நல்லாருக்குன்னு கேட்டா எல்லாமே நல்லாருக்குப்பான்னா. ரசனை இல்லாத பிள்ளை.

அப்பத்தான் பேப்பர்ல உங்க விளம்பரம் பாத்தேன். நூறு ராத்திரி படுத்துப் பாருங்க, பிடிக்கலைன்னா நாங்களே வந்து எடுத்துக்கறோம், பணம் முழுசாத் திரும்ப. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என் ஸ்டோர் விதியை எவனோ கம்பெனியாவே ஆரம்பிச்சிருக்கான்னு. நாலு தடவை நிபந்தனையெல்லாம் படிச்சேன். சத்தமாவே படிச்சேன், வீட்ல எல்லாருக்கும் கேக்கட்டும்னு. கறை இருக்கக் கூடாது, கிழிசல் இருக்கக் கூடாது, லேபிளை வெட்டக் கூடாது. அம்புட்டுத்தான்.

அப்புறம் பஞ்சாங்கத்தை எடுத்தேன். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில ஒரு பத்து நாள். நூறாவது ராத்திரி சரியாத் தீபாவளியில வந்து முட்டுது. தலைத் தீபாவளி. மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வந்துதான் ஆகணும், வந்தா பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போய்த்தான் ஆகணும். அது வரைக்கும் பொண்ணுக்கும் படுக்கை ஆச்சு, நமக்கும் பைசா நஷ்டம் இல்ல. தெய்வானைகிட்டயும் லோசனிகிட்டயும் அன்னைக்கே தெளிவாச் சொல்லிட்டேன், நூறு நாள்தான். நூறு நாள்ல மெத்தையும் போகும், அவளும் போவான்னு. ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல. சரின்னுதானே அர்த்தம்.

மெத்தை சுருட்டி ஒரு குழா மாதிரி வந்துச்சு. பிரிச்சதும் மூச்சு விட்டு உப்புது பாருங்க, லோசனி பக்கத்துல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு நாள் அப்படியே கெடந்து உப்பணும்னு போட்டிருந்துச்சு. மறுநாள் நான் ரெக்சின் வாங்கிட்டு வந்து மேல போத்திட்டேன், கறை படக் கூடாதுல்ல. மூணு மூலையை நான் சொருகினேன். கால்மாட்டு மூலையை நான் சொருகிக்கிறேம்பான்னு அவளே சொருகினா. பொறுப்பான பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டேன். ரெக்சின் ஆடி வெக்கையில புழுங்கத்தான் செய்யும். பொரண்டு படுத்தா மொறுமொறுன்னு சத்தம் வரும். நூறு நாள்தானேம்மான்னேன். பொறுத்துக்கிட்டா.

அவகிட்ட எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். ரூம் கதவைச் சாத்தவே மாட்டேங்குறா. ராத்திரி பகல்னு இல்ல, திறந்தே கெடக்கும். வாசக் கதவையும் அப்படியே போட்டுருவா. கொசு பிடுங்குது தம்பி. நான் எந்திரிச்சுப் போய்ச் சாத்துவேன். விடிஞ்சு பாத்தா திறந்து கெடக்கும். தெய்வானையும் இப்ப அங்கதான், நிலைப்படிகிட்ட பாயைப் போட்டுக் குறுக்கப் படுத்துக்குறா. ஏன்டி இங்க வந்து படுக்குறேன்னு கேட்டா காத்து வருதுங்குறா.

பல்லடத்துக் கதவு விஷயம் தெய்வானை சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது வெளியில பூட்டிக்கிட்டுப் போறாராம். தினமுமாம். சாவி கீழ வீட்டு ஓனரம்மாகிட்டயாம், அதுவும் சிலிண்டர் வர்ற நாள் மட்டுமாம். நான் என்ன சொன்னேன்னா, அசலூரு, புதுப்பொண்ணு, காலம் கெட்டுக் கெடக்கு, ஒரு பத்திரத்துக்குச் செய்யறாரு. எங்க ஸ்டோரை நான் பூட்டாமப் போனேனா? விலை உயர்ந்த சரக்குன்னாத்தானே பூட்டுறோம்னேன். தெய்வானை அன்னைக்கு எனக்குச் சோறு போட்டு வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவளுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு.

ஆவணியில நான் பல்லடத்துக்கு நேராவே போயிட்டு வந்தேன். அந்த மெத்தையை ஒரு தடவை தட்டிப் பாத்துரணும்னு. மாப்பிள்ளை மரியாதையா வரவேத்தாரு. உக்காருங்க மாமா, பால் வாங்கிட்டு வந்துடறேன்னு போனாரு. போனவரு பழக்க தோஷத்துல வெளியில பூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. பாவம், அவருக்கே தெரியாது. முக்கால் மணி நேரம்தான்.

நான் மெத்தையைப் பாத்தேன். தட்டினேன், அமுக்கினேன். ஒரு குழி இல்ல, ஒரு மேடு இல்ல. ஏறிப் படுத்தேன். படுத்தா, என்னமோ தெரியல தம்பி, படுக்க முடியல. எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போனேன். கம்பிக்கு வெளியில பக்கத்து வீட்டுச் செவுரு. ரெண்டு தடவை கதவை இழுத்துப் பாத்தேன், பூட்டியிருக்குன்னு தெரிஞ்சும் இழுத்துப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல, ஃபேன் ஓடுது, தண்ணி இருக்கு, போன் இருக்கு. ஆனா நெஞ்சை அடைக்குது. சுகர் குறைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். காலையில இட்லி ரெண்டுதான் சாப்பிட்டேன். அவரு வந்து கதவைத் திறந்தப்ப அவருகிட்டயே ஒரு சிரிப்பு சிரிச்சேன் பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு நான் எம்.டி.கிட்டக் கூடச் சிரிச்சதில்ல. அது ஏன்னு எனக்கே இன்னைய வரைக்கும் புரியல.

வீட்ல வந்து மெத்தை நல்லாத்தான் இருக்குன்னு மட்டும் சொன்னேன். பூட்டினதைச் சொல்லல. சொன்னா பெருசு பண்ணுவாங்க.

வேற என்ன செய்யச் சொல்றீங்க என்னை? எங்க அக்கா ஆவணியில இருந்து பேசறதை நிறுத்திட்டா. ஆடி முடிஞ்சும் பொண்ணு இருக்காளேன்னு எதிர் வீட்ல கேக்குறாங்க. ஆவணியில முகூர்த்தம் சரியில்லைன்னேன், புரட்டாசியில அனுப்பக் கூடாதுன்னேன். இனிமே சொல்றதுக்குப் பஞ்சாங்கத்துல மாசம் இல்ல தம்பி. ரெண்டு பக்கமும் செவுரு, நடுவுல நான். தீபாவளிக்கு மாப்பிள்ளை வர்றேன்னு சொல்லிட்டாரு. பட்டு வேட்டி எடுத்து வச்சாச்சு. சாயங்காலமே கூட்டிக்கிட்டுக் கெளம்பிடறாராம். இன்னும் நாலு நாள். தீபாவளி அன்னைக்கு உங்க ஆபீஸ் லீவு, அதான் தொண்ணூத்தாறாவது நாளே உங்களை வரச் சொன்னேன். கடைசி நாள் வரைக்கும் இழுக்கறது எனக்குப் பிடிக்காது.

இந்தா, வந்துட்டா. எடுக்கலாமாம்மா? துணியெல்லாம் ஒதுக்கிட்டியா? அலமாரியில அப்படியே இருக்கே. சரி, அது பொறவு பாத்துக்கலாம். வாங்க தம்பி, உள்ள வாங்க. இந்த ரெக்சினை அந்தப் பக்கம் பிடிங்க.

பாத்தீங்களா? இன்னைக்குப் பிரிச்ச மாதிரி இருக்கு. கறைன்னு ஒரு பொட்டு காட்டுங்க பாப்போம். தையல் பிரிஞ்சிருக்கா? இல்ல. லேபிள் கால்மாட்டுல இருக்கும் தம்பி, வெள்ளைத் துணியில நீல எழுத்து. அந்த மூலை. இல்லையா? அப்ப இந்த மூலையா இருக்கும். இல்ல, கால்மாட்டுலதான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. திருப்புங்க. இன்னொரு தடவை திருப்புங்க.

இது என்ன, நூல் பிசிறு. எலியா? எலி இல்ல. எலி கடிச்சா இப்படி நேரா இருக்காது. இது கத்தரிக்கோல் வெட்டு.

லோசனி. இங்க வாம்மா. இந்த லேபிளை எப்ப வெட்டுன?

"மெத்தை வந்த அன்னைக்கேப்பா."

வந்த அன்னைக்கேயா? படுத்துப் பாக்காமயேவா? நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், வெட்டிட்டா நம்ம சரக்கு, திரும்ப அனுப்ப முடியாதுன்னு. சின்னப் பிள்ளையில இருந்து சொல்லியிருக்கேன்ல? உனக்குத் தெரியும்ல?

"தெரியும்ப்பா. அதனாலதான்."

தெய்வானை, நீ ஏன் இங்க வந்து நிக்கிற. இது உனக்குத் தெரியுமா?

"கத்தரிக்கோலை நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

கேட்டுக்கங்க தம்பி. இருபத்தெட்டு வருஷமா இவ என்கிட்டக் கேக்காம ஒரு பிளவுஸ் துணி லேபிளை வெட்டினதில்ல.

தைச்சுக் குடுத்தா எடுத்துக்குவீங்களா? லேபிள் எங்கயாவது வச்சிருப்பா, இவளுக்கு நல்லாத் தைக்க வரும். வேண்டாம், விடுங்க. நானா இருந்தா எடுத்திருக்க மாட்டேன். ஒட்டுப்போட்ட லேபிளோட வந்த சரக்கை நான் ஒரு தடவை கூட எடுத்ததில்ல.

தொண்ணூத்தாறு நாள். தினமும் ராத்திரி வந்து இந்த ரெக்சினைச் சுருக்கம் இல்லாம நீவி விட்டுட்டுப் போவேன். இவ படுத்துக்கிட்டே என்னைப் பாத்துக்கிட்டு இருப்பா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டுத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. நான்தான் இன்னும் நாள் இருக்கு, இன்னும் நாள் இருக்குன்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

எனக்குப் பயமா இருக்கு தம்பி. அக்காகிட்ட என்ன சொல்லுவேன், மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்லுவேன்? அந்த மனுஷன் குரல் ஒசத்திக் கூடப் பேச மாட்டாரு. பேசாம இருக்கறவர்கிட்ட எப்படிச் சொல்றது. இருந்தாலும் போன் போட்டுத்தான் ஆகணும். வர வேண்டாம்னு சொல்லணும். வெளிய பூட்டினதை நானும் பாத்தேன், உள்ள இருந்து பாத்தேன்னு சொல்லணும். ஏம்மா அழுவுற? நீ உக்காரு. ரெக்சினை நான் மடிச்சுக்கறேன், இனிமே அது எதுக்கு.

உங்க ஃபாரத்தைக் குடுங்க தம்பி. திருப்பி எடுக்காததுக்குக் காரணம்னு ஒரு இடம் விட்டிருக்கு பாருங்க. அதுல 'சரக்கு ஏற்கப்பட்டது'ன்னு எழுதுங்க. இல்ல, பேனாவைக் குடுங்க, நானே எழுதறேன். எழுத்து புரியுதான்னு பாத்துக்கங்க.

வெறுங்கையோட அனுப்புறேன், மன்னிச்சுக்கங்க. அந்த வாசக் கதவைச் சாத்திராதீங்க தம்பி. திறந்தே கெடக்கட்டும். கொசு வந்தா வருது.